கணினிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி: விளம்பரம் சொல்லாமல் விடும் பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் சைபர் பாதுகாப்புச் சேவைகள் பற்றி வெளியான கட்டுரை, புதிய மென்பொருள்கள் மனித உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் போலத் தாமாகவே கற்றுக்கொண்டு, இதுவரை யாரும் கண்டிராத தாக்குதலையும் பிடித்துவிடும் என்று சொல்கிறது. கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, சிறு மருத்துவமனை போன்ற இடங்களில் கணினிக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. அங்கே இதைப் படித்துவிட்டு டெண்டர் எழுத உட்காருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தக் கடிதம்.

கணினிப் பாதுகாப்பு உயிரியலிடம் பாடம் கேட்டது உண்மை. நன்றாகவே கேட்டது. ஆனால் விற்பவர்கள் கடை வாசலில் மாட்டிவைக்கும் பாடம், அதாவது அந்நியனைக் கண்டுபிடிக்கும் வித்தை, நடைமுறையில் அரைகுறையாகத்தான் தேறியது. பெயர் வெளியே தெரியாமல் ஜெயித்தவை வேறு இரண்டு. எல்லாக் கணினிகளும் ஒரே அச்சில் வார்த்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. சந்தேகம் எழும்போது கொன்றுவிடாமல் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. பணம் போடுபவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கண்டுபிடிக்கும் வித்தை. நம் உடலில் டி செல்கள் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய குருட்டாம்போக்கில் ஒரு வடிவத்தோடு உருவாகிறது. நம் சொந்தப் புரதத்தோடு இறுகப் பொருந்தும் செல் அங்கேயே அழிக்கப்படும். எதனோடும் அப்படிப் பொருந்தாமல் தப்பியவை மட்டும் வெளியே வந்து காவலுக்குப் போகும். எதிரி யார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, நம்மவர் யார் என்று தெரிந்தால் போதும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ஃபாரஸ்ட், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் நோய் எதிர்ப்பியல் அறிஞர் ஆலன் பெரல்சன் முதலியோர் 1994-ல் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்மறைத் தேர்வு என்பது அந்த முறையின் பெயர்.

செய்முறை எளிது. காக்க வேண்டிய கோப்பை 32 பிட் (0 அல்லது 1 என்ற ஒரு குறிதான் பிட்) நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். பிறகு 32 பிட் நீளத்தில் ஏதோ ஒரு சரத்தை, அதாவது 0, 1 தொடரை, குருட்டாம்போக்கில் உருவாக்கி, நம் துண்டுகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ச்சியாக 8 பிட்டுகள் ஒத்துப்போனால் பொருந்தியது என்று கணக்கு; அந்தச் சரம் குப்பைக்கு. எதனோடும் பொருந்தாத சரம் காவலராகும். பின்னால் கோப்பில் ஏதாவது ஒரு துண்டு ஒரு காவலரோடு பொருந்தினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி விலையைப் பார்ப்போம். குருட்டாம்போக்கில் எடுத்த இரண்டு சரங்கள் இந்த விதிப்படி பொருந்தும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஒரு அந்நியத் துண்டை 90 சதவீத உறுதியோடு பிடிக்க 46 காவலர்கள் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 46 பேரைத் தேற்ற எத்தனை சரங்களைச் சலிக்க வேண்டும்? நம் துண்டுகள் 100 என்றால் சுமார் 8,300. 200 என்றால் 15 லட்சம். 300 என்றால் 28 கோடி. 300 துண்டு என்பது வெறும் 1,200 பைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் மூலைக்குக்கூடக் காணாது. விதியை இறுக்கி 16 பிட்டுகள் தொடர்ந்து ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தால் சலிப்பது சுலபமாகிவிடும், அதே 300 துண்டுகளுக்கு 17,500 சரங்கள் போதும். ஆனால் காவலர் எண்ணிக்கை 46-லிருந்து 16,800-க்கு ஏறிவிடும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வீங்குகிறது. காவலர்களை இதைவிடச் சிக்கனமாகத் தயாரிக்கும் வழிகள் 1996-லேயே வந்துவிட்டன. அப்படியும், நம் துண்டுகளை மிகவும் ஒத்த சில அந்நியத் துண்டுகளுக்குக் காவலரே அமைக்க முடியாத ஓட்டைகள் மிஞ்சின. கோப்பு மாறியதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் எஸ்எச்ஏ-256 ஹாஷ் ஒன்றை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, போட்டுவைத்து ஒப்பிட்டாலே போதும். அதற்கு நோய் எதிர்ப்பியல் தேவையே இல்லை.

அப்படியானால் 1994-ன் அந்த ஆய்வு வீணா? இல்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கெனத் தனிக் காவலர் கூட்டத்தை வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதில் நிலைத்து நின்ற யோசனை. ஒரு கணினியின் காவலை ஏமாற்றத் தெரிந்துகொண்டவனுக்கு அடுத்த கணினியில் அந்த வித்தை செல்லாது. இதைப் பற்றிக் கடிதத்தின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

1996-ல் ஃபாரஸ்ட், ஸ்டீவன் ஹாஃப்மெய்ர், அனில் சோமயாஜி, தாமஸ் லாங்ஸ்டாஃப் நால்வரும் கோப்புகளை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நடத்தையைப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்த நிரலும் ஒரு கோப்பைத் திறக்க, படிக்க, வலையில் இணைய, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதுதான் சிஸ்டம் கால். அந்த விண்ணப்பங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, ஆறு ஆறாக ஒரு ஜன்னலை நகர்த்திப் பார்த்தார்கள். 300 வகை விண்ணப்பம் இருக்கும் கணினியில் ஆறின் வரிசைகள் 729 லட்சம் கோடி சாத்தியம். ஆனால் ஒரு அஞ்சல் சர்வர் நிரல் தன் அன்றாட வேலையில் இவற்றில் மிக மிகச் சில வரிசைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. ஊடுருவல் நடக்கும்போது அந்தப் பட்டியலில் இல்லாத வரிசைகள் கொத்தாக வருகின்றன. இவ்வளவு எளிய ஒரு அளவீடு இப்படி வேலை செய்தது அன்றைக்கு எல்லோருக்கும் வியப்பாகவே இருந்தது.

ஆறு என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டானும் மாக்ஸியனும் 2002-ல் அதைத் துருவிப் பார்த்தார்கள். அந்தத் தரவில் இருந்த தாக்குதல் ஒன்றின் மிகச் சிறிய அந்நிய வரிசை ஆறு நீளம் கொண்டது. ஜன்னல் அதைவிடச் சிறிதாக இருந்தால் அது கண்ணில் படாது, அவ்வளவுதான். வேறு நிரலுக்கு வேறு நீளம் தேவைப்படலாம். "எங்கள் மென்பொருள் எல்லா இடத்துக்கும் பொருந்தும்" என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

இதைத் தாங்களே முயன்று பார்க்க விரும்பும் சர்வர் நிர்வாகிகளுக்குச் சில சொல்ல வேண்டும். ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள்; முழுக் கணினியையும் ஒரேயடியாகக் கற்பிக்கப் போனால் பட்டியல் முடிவே இல்லாமல் வளரும். விண்ணப்பங்களைப் பதிய, எஸ்டிரேஸ் (strace) கருவி சோதனை மேசையில் சரி. ஓடும் சர்வரில் அதை மாட்டினால் வேகம் படுத்துவிடும், அங்கே லினக்ஸ் இயங்குதளத்தின் பதிவு வசதிகளான ஆடிட்-டி (auditd) அல்லது இபிபிஎஃப் (eBPF) வழியாக எடுப்பதே நல்லது. ஒவ்வொரு திரெடையும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) தனித்தனியாகப் பதிய வேண்டும். இதை விட்டால் இரண்டு திரெடுகளின் விண்ணப்பங்கள் ஒன்றோடொன்று கலந்து, நிஜத்தில் இல்லாத வரிசைகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். பலருக்கு முதல் முயற்சி கவிழ்வது இதனால்தான். ஒரு நாளில் எத்தனை புதிய வரிசைகள் சேர்கின்றன என்று வரைபடம் போட்டுக்கொண்டே வாருங்கள். கோடு படுத்த பிறகும் அவசரப்படக் கூடாது. மாதக் கடைசி அறிக்கை, பேக்கப், பழைய பதிவுக் கோப்பை மூடிப் புதிதைத் தொடங்கும் லாக் சுழற்சி, டிஸ்க் நிரம்பிய நிலை, பெயரை வலை முகவரியாக்கும் டிஎன்எஸ் பதில் சொல்லாத நிலை, இவை எல்லாம் ஒரு தடவையாவது நடந்திருக்க வேண்டும். பிழை வரும்போது நிரல் போகும் பாதை அன்றாடத்தில் வெளிப்படாது. அதைக் கற்பிக்காமல் விட்டால், டிஸ்க் நிரம்பிய அன்றைக்கு உங்கள் காவலரும் சேர்ந்து கத்துவார். கற்கும் காலத்தில் கணினி ஏற்கெனவே ஊடுருவப்பட்டிருந்தால் திருடனும் நம்மவர் பட்டியலில் ஏறிவிடுவான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே புதிதாக நிறுவிய கணினியில்தான் கற்பிக்க வேண்டும். ஒற்றை அந்நிய வரிசைக்கு மணி அடிக்கக் கூடாது. கடைசி 20 விண்ணப்பங்களில் எத்தனை அந்நியம் என்று எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் தாக்குபவன் சும்மா இருக்கப் போவதில்லை. டேவிட் வாக்னரும் பாவ்லோ சோட்டோவும் 2002-ல் போலி நடத்தைத் தாக்குதலைச் செய்து காட்டினார்கள். தனக்கு வேண்டிய இரண்டு விண்ணப்பங்களுக்கு நடுவே, பயனற்ற விண்ணப்பங்களை இட்டு நிரப்பி, மொத்த வரிசையையும் நம்மவர் பட்டியலில் உள்ளதுபோல ஆக்கிவிடுவது அதன் சூட்சுமம். இல்லாத முகவரியைக் காட்டி ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் கெர்னல் மறுத்துவிடும், தாக்குபவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் பதிவேட்டில் "திறந்தான்" என்று விழும். இந்த முறை வரிசையை மட்டும் பார்க்கிறது, எந்தக் கோப்பு என்பதைப் பார்ப்பதில்லை என்ற பலவீனத்தின் மேல்தான் அவர்கள் கை வைத்தார்கள்.

இந்த ஆராய்ச்சி தொட்ட இடத்தையே இன்று லினக்ஸின் செக்காம்ப் வடிகட்டியும் தொடுகிறது. நடத்தையைக் கற்று ஊகிப்பதற்குப் பதிலாக, இந்த நிரலுக்கு இன்ன விண்ணப்பங்கள்தான் அனுமதி என்று முன்கூட்டியே எழுதிவைப்பது அதன் வழி. 2012 முதல் அது கெர்னலில் இருக்கிறது. நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் அடைத்து ஓட்டும் டாக்கர் மென்பொருள், தன் இயல்பு அமைப்பில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 44-ஐத் தடுத்துவைக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பிளெட்ஜ் வசதி இதையே இன்னும் சுருக்கமாகச் செய்கிறது. இதிலும் வம்பு உண்டு. 2021-ல் லினக்ஸ் நிரல்கள் பலவும் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகம் குளோன்3 என்ற புதிய விண்ணப்பத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. பழைய டாக்கரின் பட்டியலில் அது இல்லை. "அனுமதி இல்லை" என்று அந்த டாக்கர் பதில் சொன்னது. நூலகமோ "அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை" என்ற பதில் வந்தால்தான் பழைய வழிக்குத் திரும்பும்படி எழுதப்பட்டிருந்தது. விளைவு, புதிய கண்டெய்னர்கள் பழைய டாக்கரில் ஓட மறுத்தன, டாக்கர் 20.10.10 பதிப்பில்தான் சரியானது. அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் நம்மவர் பட்டியலும் பழசாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அடுத்தது பொய் எச்சரிக்கை. விற்பனைத் தாளில் "99.9 சதவீதத் துல்லியம்" என்று இருக்கும். ஒரு அலுவலகத்தில் நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன, அவற்றில் 20 உண்மையான தாக்குதல் என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்த 20-ஐயும் பிடித்துவிடுகிறது, மற்றவற்றில் ஆயிரத்தில் ஒன்றைத் தவறாகச் சந்தேகிக்கிறது. மொத்தம் 1,020 எச்சரிக்கைகள். ஐம்பதில் ஒன்றுதான் நிஜம். ஒன்றைப் பார்க்க ஐந்து நிமிடம் என்றாலும் 85 மணி நேர வேலை, அதாவது பத்துப் பேருக்கு மேல் வேண்டும். எச்சரிக்கைகளில் பாதியாவது நிஜமாக இருக்க வேண்டுமென்றால் தவறு விகிதம் லட்சத்தில் இரண்டாகக் குறைய வேண்டும். ஸ்டெஃபான் ஆக்சல்சன் 1999-லேயே இந்தக் கணக்கை ஊடுருவல் கண்டறிதலுக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இருந்தும் டெண்டர்களில் தவறு விகிதத்தைக் கேட்கும் வரியைக் காண்பது அரிது. கேட்கும்போது சதவீதமாகக் கேட்காதீர்கள். எங்கள் இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை எச்சரிக்கை வரும் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள் உண்டு. கணினியிலும் அதேதான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 எண்ணுள்ள அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற உயிர்நாடிக் கோப்பை வைரஸ் என்று கருதிப் பிடித்துப் போட்டது; கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 இதைவிடப் பெரிது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்கு வந்த 291-ஆம் எண் கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் 20-ஐத்தான் கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய், கெர்னலுக்குள் இருந்த காவலரே விண்டோஸைச் சாய்த்தார். இந்திய நேரப்படி காலை 9.39-க்கு வெளியான கோப்பை 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்ப எழுப்புவது எப்படி என்பது டெண்டர் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு கணினியையும், அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் தொடங்கி அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் நீலத் திரையில் இருந்தால்? அதுவும் நடந்தது. ஆகவே சாவிகளின் பட்டியல் ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டிய அலமாரியில் வைப்பது பழைய பாணி போலத் தோன்றினாலும் செய்ய வேண்டியதுதான். காவல் மென்பொருளின் அப்டேட்டை முதலில் முக்கியமில்லாத நாலைந்து கணினிகளுக்கு அனுப்பி, அரை நாள் கழித்து மற்றவற்றுக்கு விடும் வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நிரலின் அப்டேட்டுக்கு மட்டும் இருந்தால் போதாது. 2024-ல் சாய்த்தது நிரல் அப்டேட் அல்ல, கண்டறியும் விதிகளைச் சுமந்து வந்த கோப்பு.

இப்போது முதலில் சொன்ன இரண்டுக்கு வருகிறேன். வேகத்தைக் குறைக்க, சோமயாஜியும் ஃபாரஸ்ட்டும் 2000-ல் ஒரு லினக்ஸ் கெர்னல் திருத்தம் செய்தார்கள். அந்நிய வரிசை தென்பட்டால் அந்த நிரலைக் கொல்லாது. அடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் சொல்வதைத் தாமதப்படுத்தும். கடைசி 128 விண்ணப்பங்களில் அந்நியம் ஒன்று கூடும்போதெல்லாம் தாமதம் இரட்டிக்கும். அடிப்படை அலகு நூறில் ஒரு விநாடி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து அந்நியத்துக்கு மூன்றில் ஒரு விநாடி, யாரும் உணர மாட்டார்கள். பத்துக்கு 10 விநாடி. பதினைந்துக்கு ஐந்தரை நிமிடம், அதுவும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும். பொய் எச்சரிக்கை என்றால் பயனாளிக்குச் சிறு சுணக்கத்தோடு போய்விடும். நிஜத் தாக்குதல் என்றால் இணைப்பே காலாவதியாகி அறுந்துபோகும். தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் விடும் இந்தத் தன்மைதான் கொல்லும் கருவிகளிடம் இல்லாதது.

எச்பி ஆய்வகத்தின் மேத்யூ வில்லியம்சன் 2002-ல் இதையே வலைக்குச் செய்தார். சாதாரணக் கணினி புதிய முகவரிகளோடு அவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை. ஆகவே அண்மையில் பேசிய 5 முகவரிகளின் பட்டியல் ஒன்று. அதில் உள்ளவர்களுக்கு உடனே வழி. இல்லாதவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். விநாடிக்கு ஒருவர் வீதம் விடப்படும். வரிசை 100-ஐத் தாண்டினால் அந்த நிரலை நிறுத்திவிடலாம். 2003 ஜனவரி 25 அன்று பரவிய, தானாகவே கணினி விட்டுக் கணினி தாவும் ஸ்லாமர் புழுவை இதன் முன்னால் நிறுத்திப் பாருங்கள். அது பிடித்த ஒவ்வொரு கணினியும் சராசரியாக விநாடிக்கு 4,000 முகவரிகளைத் தட்டியது. அந்த வேகத்தில் 100 பேர் வரிசை நாற்பதில் ஒரு விநாடியில் நிரம்பிவிடும். நிஜத்தில் அப்படித் தடுக்க யாரும் இல்லாததால், தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டித்து, பலவீனமான கணினிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பத்து நிமிடத்தில் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது என்பது தனி வேதனை.

மைக்ரோசாஃப்ட் 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில், முடிவுறாத வெளி இணைப்பு முயற்சிகளுக்குப் பத்து என்ற உச்சவரம்பை வைத்தது. டொரென்ட் (கோப்புப் பகிர்வு) வேகம் குறைகிறது என்று பலர் எங்கிருந்தோ ஒரு திருத்தியை இறக்கி அந்தப் பூட்டை உடைத்துக்கொண்டார்கள்! பின்னால் வந்த விண்டோஸ்களில் அந்த வரம்பு கைவிடப்பட்டது. வரம்பு எங்கே உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: அஞ்சல் சர்வர், டிஎன்எஸ் சர்வர் ஆகியவை இயல்பிலேயே புதிய முகவரிகளோடு ஓயாமல் பேசுபவை. அவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும். விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவாக, நிதானமாக உளவு பார்ப்பவனை இது தொடவே தொடாது.

பல்வகைமைக்கு வாழையைச் சொன்னால் போதும். கிரோ மிஷெல் என்ற ஒரே ரகத்தை நம்பிய லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களை 1950-களில் வாடல் நோய் காலி செய்தது. அவர்கள் காவென்டிஷுக்கு மாறினார்கள், இப்போது அதற்கும் அதே இனப் பூஞ்சையின் புதிய வகை வந்துவிட்டது. ஃபாரஸ்ட், சோமயாஜி, டேவிட் ஆக்லி மூவரும் 1997-ல், ஒவ்வொரு கணினியிலும் நிரலின் உள் அமைப்பைச் சற்றே மாற்றிவைத்தால் ஒரு தாக்குதல் எல்லாவற்றிலும் செல்லாது என்று எழுதினார்கள். 2001-ல் லினக்ஸுக்கான பாக்ஸ் திட்டம், நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நினைவகத்தில் அதன் பகுதிகளை வெவ்வேறு இடத்தில் அமர்த்தும் ஏஎஸ்எல்ஆர் முறையைக் கொண்டுவந்தது. இன்று உங்கள் கைப்பேசி, மடிக்கணினி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உயிரியலின் வழியில் யோசித்தவர்கள் சொன்னவற்றில் உலகெங்கும் குடியேறியது இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாம். விளம்பரத்தில் மட்டும் இதற்கு இடமில்லை. தனியாக விற்க முடியாதே!

இதற்கும் எல்லை உண்டு. 32 பிட் கணினியில் இடமாற்றத்துக்கு 16 பிட் அளவே, அதாவது சுமார் 65 ஆயிரம் இடங்களே வாய்ப்பு. 2004-ல் ஹோவாவ் ஷாச்சம் குழுவினர் அபாச்சி வலைத்தளச் சர்வர் ஒன்றை, முயன்று முயன்று, சராசரி 216 விநாடியில் உடைத்தார்கள். அந்தச் சர்வர், தாக்குதலில் விழுந்த பிள்ளை நிரலுக்கு (தாய் நிரல் உருவாக்கும் துணைப் பிரதி) பதில் புதிய பிள்ளையைப் பெறும்போது அதே நினைவக அமைப்பையே கொடுத்தது. அதனால் தவறான ஊகம் ஒவ்வொன்றும் அடுத்த ஊகத்துக்கு உதவியது. 64 பிட்டில் இந்தக் குறுக்கு வழி கடினம். ஆனால் நிரல் தன் நினைவக முகவரி ஒன்றை எங்காவது கசியவிட்டால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை. லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள், கெர்னல் அமைப்புகளில் முகவரி இடமாற்ற மதிப்பு 2 என்று இருக்கிறதா, சொந்தமாகத் தொகுத்த நிரல்கள் இடம் சாராத வடிவில் தொகுக்கப்பட்டனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பல்வகைமை நினைவகத்தோடு முடிவதில்லை. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே சேவை நிறுவனத்தை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பாதித்தபோது, அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் யுபிஐ, ஏடிஎம் வசதிகள் நின்றன. பரவாமல் இருக்க, யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து துண்டித்தது, சரியான செயல்தான். ஆனால் முந்நூறு வங்கிகளும் ஒரே வேரில் நின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் போன்ற எந்த மென்பொருளை எந்த வங்கி தனித்தனியாக வாங்கியிருந்தாலும் அன்றைக்கு உதவியிருக்காது. பேக்கப் சர்வராவது வேறு இயங்குதளத்தில், வேறு கடவுச்சொல் களஞ்சியத்தோடு இருக்கட்டும். செலவு கூடும், பராமரிக்க இன்னொரு திறமை தேவைப்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் விண்டோஸ் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடியவனால் பேக்கப்பையும் சேர்த்து அழிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் உடலிடம் பாடமே இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் உயிர் பிழைப்பதற்காக அமைந்தது, ரகசியம் காப்பதற்காக அல்ல. முதல் முறை நோய் வரும், சில நாள் படுப்போம், அதற்குள் உடல் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை தாங்கும். நோயாளிகளின் மருத்துவப் பதிவோ ஆதார் நகல்களோ முதல் முறையே வெளியே போய்விட்டால், அடுத்த முறை தாங்கி என்ன பயன்? ஃபாரஸ்ட் குழுவினரே 1997-ல் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ரகசியத் தகவலுக்கு என்க்ரிப்ஷன், தேவைப்பட்டவருக்கு மட்டும் அனுமதி, வேண்டாத தகவலைச் சேகரிக்காமலிருப்பது ஆகிய பழைய மருந்துகள்தான்.

ஆகவே "கற்றுக்கொள்ளும்" மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் எழுத்தில் பெற வேண்டிய பதில்கள் சில உண்டு. எத்தனை நாள் கற்கும், அந்தக் காலத்தில் எங்கள் மாதக் கடைசி வருமா? அப்டேட் ஆன மறுநாள் பட்டியலை யார் புதுப்பிப்பார்? சந்தேகம் வந்தால் முதல் செயல் கொல்வதா, தாமதப்படுத்துவதா? கொல்வது என்றால் எந்தெந்த நிரல்களை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது என்ற பட்டியலை நாங்கள் போட முடியுமா? நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் இட்ட உத்தரவு. விற்பவரின் மென்பொருள் அந்தப் பதிவுகளை வேறு நாட்டு சர்வரில் மட்டும் வைக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், சோதனைக் கணினி ஒன்றில் அந்தக் காவல் மென்பொருளை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, சேஃப் மோடில் எழுப்பி, நீக்கி, திரும்ப நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, உங்களிடம் உள்ள கணினிகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். அந்த எண்ணை விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புத் துறை வாசகர்,
கோயம்புத்தூர்.